ஓவர்லாக் டெய்லர் திருப்பித் தந்த நாவல்

பின்வரிசையில் செல்போனை உயர்த்திப் பிடித்திருக்கும் பெற்றோர்களே, வாடகைக் கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

இந்த இடத்தில் வழக்கமாகத் துணைவேந்தரோ தொழிலதிபரோ நிற்பார். திருப்பூரில் ஒரு கிளை நூலகத்தில் தேதி முத்திரை குத்தி ஓய்வு பெற்றவனை ஏன் கூப்பிட்டீர்கள் என்று கல்லூரி முதல்வரிடம் கேட்டேன். "பிள்ளைகளுக்கு இப்போ வந்த நாவல்ல நாலு நல்ல பேர் சொல்லுங்க சார், போதும்" என்றார். நாலு பேரைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. பேர் சொல்லி நான் வாங்கிக்கட்டிக்கொண்ட கதைதான் கொஞ்சம் நீளம்.

2009 வாக்கில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒருவர் நூலகத்துக்கு வருவார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். குளித்துவிட்டு வந்தாலும் காதோரத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருக்கும். பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒருநாள் என் மேஜைக்கு வந்தார். "ஏனுங் சார், ஒன்றரை ஷிப்ட் முடிச்சுப் போய்ப் படுத்தா மிஷின் சத்தம் காதை உட்டுப் போக மாட்டேங்குது. தூக்கம் வர்ற வரைக்கும் படிக்கற மாதிரி ஒரு கதைப் புஸ்தகம் குடுங்க" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே போய் எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'யை உருவினேன். திருப்பூரில் சேர்ந்து படித்த ஐந்து நண்பர்கள், அவர்களோடு வளர்கிற பனியன் தொழில், பணம் வந்த பிறகு யார் எங்கே போய் நின்றார்கள் என்கிற கதை. ஓவர்லாக் டெய்லருக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் உலகத்திலேயே கிடையாது என்று நினைத்தேன். "உங்க கதைதாங்க இது" என்று சொல்லித் தவணைத் தேதியைப் பலமாகக் குத்திக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறே திரும்பி வந்துவிட்டது. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு டவுன் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. "நல்லாத்தான் எழுதியிருக்காருங்க. ஆனா பகல் பூரா பாக்கறதையே ராத்திரியும் படிக்கோணுங்களா?" என்றார்.

அவர் கேட்டது தூக்கம். நான் கொடுத்தது இன்னொரு அரை ஷிப்ட்.

"கடல் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "எங்கீங்க! கம்பெனில கன்னியாகுமரி டூருன்னாங்க. அவசர ஆர்டர் ஒண்ணு வந்துருச்சு, போகலை." ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தென்கடற்கரைப் பரதவர்களின் சில தலைமுறை வாழ்க்கை. ஐந்நூறு பக்கத்துக்கு மேல், அதுவும் கடற்கரைப் பேச்சிலேயே. இந்த முறை "உங்க கதை" என்றெல்லாம் சொல்லவில்லை. "மொத அம்பது பக்கம் பேச்சு பிடிபடாது. கட்டுமரம் கரையலையைத் தாண்டற வரைக்குந்தான் அந்த ஆட்டம், உட்டுறாதீங்க" என்று மட்டும் சொன்னேன். இரண்டு முறை தவணை நீட்டிக்கொண்டார். கடைசியில் கொண்டுவந்து வைத்தபோது, மரம் தள்ளுவதை எனக்கே சொல்லிக் காட்டினார், இரண்டு கையாலும் மேஜையை நெட்டி. அதுவரை கடலைப் பார்க்காத மனிதர்!

எட்டு மாதம் கழித்து அவரே கேட்டார்: "அன்னிக்கு நம்மூருப் புக்கு ஒண்ணு குடுத்தீங்களே, அது இருக்குதுங்களா?" எடுத்துக் கொடுத்தேன். அந்த பஸ் டிக்கெட் அதே பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. இடையில் ஒருவரும் எடுக்கவில்லை என்பது ஒரு நூலகனுக்குப் பெருமையான சேதி இல்லைதான். இரண்டு நாவலும் 2004இல் வந்தவை. திருப்பூர்க்காரர் ஒருவர் திருப்பூர் நாவலுக்குக் கடல் வழியாக வந்து சேர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இது சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய தவறு. இன்னொன்று இருக்கிறது.

பெரும்பாலும் டிசம்பரில் சாகித்திய அகாதமி விருது அறிவிப்பார்கள். மறுநாளே "அந்த அவார்டு புக்கு வந்துருச்சா?" என்று ஆள் வந்துவிடும். நல்ல விஷயம். விருது இல்லையென்றால் சிலர் நாவல் அடுக்குப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள். 2020க்கான விருது இமையத்தின் 'செல்லாத பண'த்துக்குக் கிடைத்தது. தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு பெண், வார்டுக்கு வெளியே காத்துக்கிடக்கும் குடும்பம், எதற்கும் உதவாமல் போகும் பணம். படித்து முடித்து இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை நான். அந்த வேகத்தில், அமைதியாக வந்து போகும் ஒரு அம்மாவிடம், "கட்டாயம் படிங்க" என்று கையில் திணித்தேன். அவர் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அப்படியொரு வார்டுக்கு வெளியே அவரும் பத்து நாள் உட்கார்ந்திருந்தவர் என்று அவர் போன மறுநிமிடம்தான் தெரிந்தது. வாசலுக்கு ஓடினேன். போய்விட்டிருந்தார்.

நாவலில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் அதை நான் சிபாரிசு செய்கிறேன், ஆளைக் கேட்டுவிட்டு. "போன மாசம் எது பிடிச்சுது? சினிமாவா இருந்தாலும் சரி" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பதிலில் பாதி ஆள் தெரிந்துவிடுவார். 'அசுரன்' என்று சொன்னவனுக்குப் பூமணியின் 'வெக்கை'யைக் கொடுத்தேன். படத்துக்கு மூலம் அதுதான்; 1982இல் வந்த நாவல், படம் 2019. "படத்துல வர்ற பாதி புக்குல இல்ல, புக்குல இருக்கற பாதி படத்துல இல்ல, ரெண்டுத்துல எது நெசம்?" என்று அரை மணி நேரம் சண்டை போட்டான். அவனை அப்படியே அதே பூமணியின் 'அஞ்ஞாடி' வரைக்கும் கூட்டிப்போய்விட்டேன். அது தலையணை கனம்!

கதையைச் சொல்லிப் புத்தகத்தை விற்கப் பார்க்காதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. சோ. தர்மனின் 'சூல்' பற்றி, "ஒரு கிராமம், ஒரு கண்மாய், அது எப்படி அழிஞ்சுது" என்று சொன்னால் யாரும் தொட மாட்டார்கள். பாடப்புத்தகம் என்று நினைத்துக்கொள்வார்கள். சூல் என்றால் கர்ப்பம். நீர் முட்டி நிற்கிற கண்மாயைப் பிள்ளைத்தாச்சியாகப் பார்க்கிற கண் அந்த ஊருக்கு இருந்தது என்று ஒரே ஒரு சேதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால், எதிரில் இருப்பவர் தானே கையை நீட்டுவார்.

பெருமாள்முருகனின் 'பூக்குழி'யை உங்களில் சிலருக்குச் சொல்ல வேண்டும். பெற்றோர் வரிசைப் பக்கம் பார்க்காமலே சொல்கிறேன். சாதி மாறிக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரும் ஒரு ஜோடியின் கதை. 2023இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது. பட்டியலுக்குப் போனதால் படியுங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு அந்த ஊரில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை. அதற்காகப் படியுங்கள்.

எனக்குப் பிடித்ததை எல்லாருக்கும் கொடுக்கும் வியாதியும் கொஞ்ச காலம் இருந்தது. பா. வெங்கடேசனின் 'தாண்டவராயன் கதை' என் உயிர். அதில் ஒரு வாக்கியத்துக்குள் நுழைந்தால் வெளியே வர நேரமாகும். இதுவரை இரண்டே பேருக்குத்தான் கொடுத்திருக்கிறேன். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர் அதற்கப்புறம் வேறு நூலகத்தில் உறுப்பினராகிவிட்டார்.

ஓய்வு பெறும் வருடம் ஒரு கல்லூரிப் பெண் நேர்மாறாக ஒன்று செய்தாள். நான் எதையோ எடுக்கப் போக, "சார், இந்த வாட்டி நான் சொல்றேன், நீங்க படிங்க" என்று தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை'யை என் மேஜையில் வைத்தாள். சிந்தாதிரிப்பேட்டைப் பேச்சு. எனக்கும் முதல் ஐம்பது பக்கம் பிடிபடவில்லை. டெய்லரிடம் அவ்வளவு தெனாவெட்டாகச் சொன்ன புத்திமதியை நானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஏன் எனக்கு இதைக் குடுத்தே?" என்று அவளிடம் கேட்டபோது, "நீங்க எல்லாரையும் 'வாங்க போங்க'ன்னே பேசறீங்க சார், அதான்" என்றாள். அவள் சொன்னதற்கு இன்னும் முழு அர்த்தம் தெரியாது. ஆனால் அவள் என்னைப் பார்த்துத்தான் அந்தப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள்.

விழா முடிந்ததும் வாசலில் இருக்கிற வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்பேன். ஐந்தரைக்குத்தான் எனக்கு பஸ். கடந்த நாலைந்து வருடத்தில் வந்த நாவல்களில் நான் விட்டது நிறைய. யாராவது ஒரு பேர் சொல்லுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.