கோடை முன்னோட்டத்தை வகுப்பறையில் வாசிப்போம்

(சேத்தியாத்தோப்பில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிப்ரவரி முடியும்போது நமக்குத் தலைக்கு மேல் வேலை. செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வுப் பணி, ஆண்டு விழா. அந்த நாட்களில்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை மார்ச், ஏப்ரல், மே மாதங்களுக்கான பருவகால முன்னோட்டத்தை வெளியிடுகிறது. மறுநாள் நாளிதழில் 'இந்த ஆண்டு வெயில் கொளுத்தும்' என்று தலைப்பு வரும். உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்த அறிக்கை உண்மையில் என்ன சொல்கிறது, வட கடலோர மாவட்டமான கடலூரில் பாடம் நடத்தும் நமக்கு அதனால் என்ன பயன் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் பெயர்ச் சிக்கல். தமிழ்ப் பாடத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நடத்துகிறோம். ஆங்கிலப் பாடத்தில் அதே காலத்துக்குப் பூத்த மரமும் வண்ணத்துப்பூச்சியும் போட்ட படம். வானிலைத் துறையின் கணக்கில் வசந்தம் என்று ஒன்று கிடையாது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம், மார்ச் முதல் மே வரை கோடை, அவ்வளவுதான். அக்கினி நட்சத்திரம் முழுவதும் நம் ஆறு பருவக் கணக்கில் இளவேனிலில்தான் விழுகிறது. இதை ஒரு மாணவர் கேட்டால் மழுப்பாதீர்கள். நல்ல கேள்வி அது.

இனி முன்னோட்டத்துக்கு வருவோம். அது எந்த நாளில் எத்தனை டிகிரி என்று சொல்வதில்லை. ஒரு பகுதியின் 30 ஆண்டுக் கோடை வெப்பநிலைகளை ஏறுவரிசையில் அடுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள 10 ஆண்டுகள் 'இயல்பைவிடக் குறைவு', நடுவில் உள்ள 10 'இயல்பு', மேலே உள்ள 10 'இயல்பைவிட அதிகம்'. வேறு எந்தத் தகவலும் இல்லாவிட்டால் மூன்றுக்கும் ஏறத்தாழ 33 சதவீத வாய்ப்பு. கடலின் வெப்பம், எல் நினோ போன்றவற்றைக் கணினி மாதிரிகளில் இட்டுப் பார்த்த பிறகு, மேல் பங்கின் வாய்ப்பு 55 சதவீதம் ஆகிறது என்றால், வரைபடத்தில் அதற்கான நிறம் ஏறும். மீதி 45 சதவீதம் எங்கும் போய்விடவில்லை. ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. பையில் மூன்று நிறப் பந்துகளைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு நிறத்தை மட்டும் கூடுதலாகப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் இறுதியில் வந்த அறிக்கை, நாட்டின் பெரும்பகுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை இயல்பைவிட அதிக வெப்பத்துக்கு வாய்ப்பு என்றது. வந்ததோ 1901க்குப் பின் நாடு கண்ட மழை மிகுந்த மே மாதம். தென்மேற்குப் பருவமழையும் மே 24 அன்றே கேரளத்தைத் தொட்டுவிட்டது. 'அவங்க சொல்றது எப்பவும் நடக்காது சார்' என்று டீக்கடையில் சொல்வார்கள். நூற்றுக்கு 55 என்று சொன்ன இடத்தில் மீதி 45 நடந்தால் அது பொய்யாகாது. ஆனால் நாளைய மழையை நம்பிக் குடை எடுப்பதைப் போல இதை நம்ப முடியாது. ஏற்பாடு செய்வதற்குத்தான் முன்னோட்டம். அன்றைய முடிவுக்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கையும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளும் இருக்கின்றன.

அடுத்து வெப்ப அலை. நாம் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை. கடலோர நிலையங்களுக்கு 40க்குப் பதிலாக 37. கூடுதல் அதே 4.5. இப்போது கணக்குப் போடுவோம். மே மாதத்தில் ஓர் ஊரின் இயல்பே 37 என்றால், வெப்ப அலை என்று அறிவிக்க 41.5 வர வேண்டும். 40 டிகிரி அடிக்கிறது, காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை காயவே மாட்டேன் என்கிறது, பிள்ளை சோர்ந்து மேசையில் தலை சாய்க்கிறது. ஏட்டில் அன்று வெப்ப அலை இல்லை. 'அறிவிப்பு வரவில்லையே' என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு நேரம் சொல்கிறேன்.

இன்னொன்று. எச்சரிக்கை வரைபடத்தில் கடலூர் மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம். வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் கடற்காற்று முற்பகலிலேயே வந்துவிடலாம். அதே ஆற்றின் கரையில் உள்ளே தள்ளி இருக்கும் நமக்கு அது பிந்தி வருகிறது. திட்டக்குடி, வேப்பூர் பக்கம் கேட்கவே வேண்டாம். மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று பலமாக வீசும் நாளில் கடற்காற்று உள்ளே நுழையவே தடுமாறும். கடலை ஒட்டிய சென்னையிலேயே 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது.

ஆகவே நம் பள்ளியின் வெயிலை நாம்தான் அளக்க வேண்டும். ஆய்வகத்தில் வெப்பநிலைமானி இருக்கிறது. வானிலை நிலையத்தில் நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில் வைத்து அளக்கிறார்கள். நாமும் வேப்பமர நிழலில் அதே உயரத்தில் ஒன்று, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வகுப்பறை இருந்தால் அதனுள் ஒன்று, சத்துணவுக்கூட வாசலில் ஒன்று என்று வைத்து, தினமும் பிற்பகல் 2.30க்குக் குறிக்கச் சொல்லலாம். இன்னொரு மானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் குறிக்கட்டும். வேறுபாடு குறையக் குறையப் புழுக்கம் கூடும். பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

தொடக்க வகுப்புக்கு ஒரு குச்சி போதும். நம் ஊர் 11.4 டிகிரி வட அட்சத்தை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் 20 வாக்கில் பகல் 12.10 அளவில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் ஏறத்தாழ மறைந்துவிடும். சூரியன் உச்சியில் இருப்பது அப்போது. வெயில் உச்சம் தொடுவதோ மே மாதத்தில். பன்னிரண்டு மணிக்கு உச்சி, இரண்டரைக்குக் கொதி என்பதும் அதே கதைதான். தரை சூடேறிக் காற்றுக்குக் கொடுக்க நேரம் பிடிக்கிறது.

அளந்து என்ன செய்வது? அரசு அளவில் முடிவுகள் நடந்திருக்கின்றன. 2023இல் பள்ளித் திறப்பு வெயிலால் இருமுறை தள்ளிப்போனது. 2024இல் ஜூன் 6 என்றது ஜூன் 10 ஆனது. 2025இல் ஒன்று முதல் ஐந்து வரையிலான ஆண்டுத் தேர்வுகள் முன்கூட்டி ஏப்ரல் 7 முதல் 17க்குள் நடந்தன. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. பள்ளி அளவில் நம் கையில் இருப்பவை சிறியவை: விளையாட்டுப் பிரிவேளையை முதல் இரண்டு பாடவேளைக்குள் கொண்டுவருவது, வாட்டர் பெல் அடித்ததும் குழந்தை உண்மையில் குடிக்கிறதா என்று பார்ப்பது, கூரை சூடாகும் அறையைப் பிற்பகலில் காலி செய்வது. கழிப்பறை சரியில்லை என்பதால் தண்ணீரே குடிக்காத வளரிளம் பெண்களைப் பற்றித் தலைமையாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். ஒரு குழந்தை உடல் கொதித்துப் பேச்சு குழறினால் நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, விசிறி, 108ஐ அழையுங்கள். நினைவு தப்பிய குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நம் பிள்ளைகளில் பலரின் பெற்றோர் கரும்பு வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். அன்றைய எச்சரிக்கை நிறத்தைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, வீட்டில் சொல்லச் சொல்லுங்கள். கோடை இடிமழைக் காலத்தில் மின்னலுக்குத் 'தாமினி' செயலியும் உண்டு.

மார்ச் முதல் வாரத்தில் தொடங்கினால் தேர்வு முடிவதற்குள் ஐந்து வாரப் பதிவு கிடைக்கும். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு பள்ளியும் அந்தப் பதிவேட்டை எடுத்து வாருங்கள். கடற்காற்று எந்த ஊர் வரை எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரே வரைபடத்தில் குறித்துப் பார்ப்போம்.