நியாயத்தீர்ப்புக்குள் நின்ற தீர்க்கதரிசி



துன்ப காலத்தில் இறைவனுக்கு உண்மையாயிருத்தல் என்றதும் நம் மனம் தானியேலிடம் ஓடும். அங்கே துன்புறுத்துகிறவன் அந்நிய அரசன், துன்புறுகிறவர்கள் குற்றமற்றவர்கள். எரேமியாவின் வழக்கு அப்படி நேரானதல்ல. யூதாவுக்கு வரும் அழிவு தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்று அறிவித்தவர் அவர். அந்த அழிவிலேயே பசியும் சிறையும் கண்டு, கடைசியில் மண்ணையும் இழந்தவர் அவரே. அவரைத் துன்புறுத்தியவர்கள் பாபிலோனியர் அல்லர். அடித்துக் காவலறையில் போட்டவன் ஆலயத்து ஆசாரியன் பஸ்கூர். உயிரை வாங்கச் சதி செய்தவர்கள் சொந்த ஊரான ஆனதோத்தின் மனிதர்கள். ஆலய வாசலில் நடந்த விசாரணையில் மரணதண்டனை கேட்டவர்கள் ஆசாரியரும் தீர்க்கதரிசிகளும். பக்தர்களால் துன்புறுத்தப்பட்ட ஒரு பக்தரின் நூல் இது. திருச்சபைக்குள் இருக்கும் நாம் இதை வாசிக்கும்போது சற்று நடுங்கவேண்டும்.

அந்தக் காலத்தின் சுவடுகள் மண்ணுக்குள்ளிருந்தும் வந்திருக்கின்றன. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்ததைப் பாபிலோனியக் குறிப்பேடு சொல்கிறது. கடைசி முற்றுகையில் எஞ்சி நின்ற அரணான பட்டணங்கள் லாகீசும் அசெக்காவும் என்கிறது எரேமியா 34ஆம் அதிகாரம். 1935இல் லாகீசில் கிடைத்த மட்பாண்ட ஓட்டுக் கடிதங்களில் ஒன்று, அசெக்காவின் அடையாளத் தீ தெரியவில்லை என்று எழுதுகிறது. நூலின் கடைசி அதிகாரம் மூன்று முறை நாடுகடத்தப்பட்டோரை 3,023, 832, 745 என்று தனித்தனியே எண்ணிக் கூட்டி 4,600 என்கிறது. நியாயத்தீர்ப்பு என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை வீடுகள் இருந்தன.

நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்தால் மகிழ்ந்து போகிறோம். நான் அந்த மகிழ்ச்சியைக் குறை கூறவில்லை. ஆனால் அதற்கு முந்திய வசனம் எழுபது ஆண்டுகளைப் பற்றியது. நாடுகடத்தப்பட்டோருக்கு எரேமியா எழுதிய அந்தக் கடிதம் கையில் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே இறந்திருப்பார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், உங்களைச் சிறைகொண்டு போன நகரத்துக்காகவும் ஜெபியுங்கள் என்று அவர்களுக்கு எழுதினார். தாங்கள் காணப்போகாத மீட்புக்காக அன்றாட வேலையைச் செய்துகொண்டிருக்கும் விசுவாசத்தை அங்கே பார்க்கிறேன். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்ற தீர்க்கதரிசி அனனியாவின் பிரசங்கம் அன்று எவ்வளவு இனித்திருக்கும்!

எரேமியா அதைச் சொல்லவில்லை. ஆனால் முற்றுகையின் நடுவே, காவற்சாலை முற்றத்தில் அடைபட்டவராய், ஆனதோத்தில் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து நிலம் வாங்கினார். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள், பத்திரங்கள் மண்பாண்டத்தில் வைக்கப்பட்டன. எல்லாம் முடிந்த பிறகு, நகரம் எதிரியின் கையில் போகும்போது இது எதற்கு ஆண்டவரே என்று தேவனிடமே கேட்டார். கீழ்ப்படிந்துவிட்டுக் கேட்டார். பிறந்த நாளைச் சபித்ததும் அவரே. அந்தப் புலம்பல்களை நம் பிரசங்க பீடங்கள் தாண்டிப் போகின்றன. நூலைத் தொகுத்தவர்கள் தாண்டவில்லை.

சேறு நிறைந்த துரவில் அவரை இறக்கியபோது அரசன் செதேக்கியா தடுக்கவில்லை. எத்தியோப்பியனான எபெத்மெலேக் போய்ப் பேசினான். பழந்துணிகளைக் கயிற்றோடு இறக்கி, கயிறு அறுக்காமலிருக்க அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னான். மீட்பில்கூட இத்தனை மென்மை இருந்த அந்த அந்நியனை நாம் போதுமான அளவு ஆராயவில்லை என்பது என் ஆதங்கம்.

என் வாதத்துக்கு வலுவான சான்று 40ஆம் அதிகாரம். நகரம் விழுந்தபின் பாபிலோனிய அதிகாரி நேபுசராதான் எரேமியாவின் விலங்கை அவிழ்த்து, பாபிலோனுக்கு வந்தால் பராமரிப்பதாகச் சொன்னான். அவர் சொன்னதெல்லாம் பலித்திருந்தது. போயிருந்தால் யாரும் பழித்திருக்க முடியாது. அவரோ மிஸ்பாவில் ஆளுநர் கெதலியாவிடம் போய், எஞ்சிய ஏழை ஜனங்களோடு தங்கினார். பிறகு கெதலியா கொல்லப்பட்டார். எகிப்துக்குப் போகாதீர்கள் என்ற எரேமியாவின் சொல்லைத் தள்ளிய அதே ஜனம் அவரையும் இழுத்துக்கொண்டு தக்பானேசுக்குப் போயிற்று. தீர்ப்பு நியாயமானது என்றவர், தீர்ப்புக்குள்ளானவர்களை விட்டு விலகவில்லை. பேரழிவு நேரும்போதெல்லாம் பத்திரமான மேடையில் நின்று, இது தண்டனை என்று அறிவிக்கும் குரல்களை நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் குரல்கள் எரேமியாவின் பெயரைச் சொல்ல உரிமையற்றவை என்று இந்த அவையில் உறுதியாகச் சொல்கிறேன்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எரேமியாவின் எழுத்தரான பாருக்குக்கு உரைக்கப்பட்ட 45ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய காரியங்களைத் தேடாதே, உயிர் மட்டும் உனக்கு மிஞ்சும் என்பதே அதன் கருத்து. எபிரெய மூலத்தில் அது அந்நிய ஜாதிகளைப் பற்றிய வாக்குகளுக்கு முன்னால் நிற்கிறது. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுருக்கமான கிரேக்கப் பாடத்திலோ, எருசலேமின் வீழ்ச்சியைக் கூறும் இறுதி அதிகாரத்துக்குச் சற்று முன்னால் வருகிறது. கும்ரான் சுருள் துண்டுகள் சில அந்தச் சுருக்கப் பாடத்தையே ஒத்திருக்கின்றன. உயிரைத் தவிர வேறு பரிசு பெறாத ஒரு எழுத்தரின் கதையை நூலின் முடிவருகே வைத்தவர்கள் யாருக்காக அப்படி வைத்தார்கள்? முதல் அமர்வு இந்தக் கேள்வியிலிருந்தே விவாதத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொண்டு, இறைநாமத்தில் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.