இடமலைக்குடி: காட்டினுள் ஒரு பஞ்சாயத்து

(பயிற்சி அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)



உள்ளாட்சி பற்றிப் பேசும்போது அதிகாரத்தையும் நிதியையுமே நாம் ஆராய்கிறோம். அலுவலகம் எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. அக்கேள்வியின் கனத்தை இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்திலுள்ள இடமலைக்குடியில் காணலாம்.

மூணாறிலிருந்து ராஜமலை வழியாகப் பெட்டிமுடி சென்றால், அங்கே தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிறது. அக்காட்டினுள் இருபதுக்கும் மேற்பட்ட குடிகள் சிதறிக் கிடக்கின்றன. வடக்கே வால்பாறை மலைகள். வடமேற்கே பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளம். இங்கு வாழ்வோர் முதுவர். மதுரையிலிருந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய மரபுவழிச் செய்தி. பேச்சும் தமிழுக்கு நெருங்கியதே. ராகியும் ஏலமும் பயிரிடுகின்றனர். குடிக்குக் குடி 'காணி' என்னும் தலைவர் உண்டு. ஆகவே, ஆட்சிமுறை இவர்களுக்கு நாம் கொண்டுபோய்க் கொடுத்த பொருளன்று.

மூணாறு பஞ்சாயத்தின் பகுதியாயிருந்த இவ்வூர், 2010இல் தனிப் பஞ்சாயத்தாயிற்று. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து இதுவே. 13 வார்டுகள் அமைந்தன; தேர்தலும் நடந்தது. ஆனால் அலுவலகம் நீண்ட காலம் தேவிகுளத்தில் இயங்கியது. ஒரு சான்றிதழுக்காகக் காட்டுவழி நடந்து, பெட்டிமுடியில் ஜீப் பிடித்துப் போக வேண்டும். உரிய அலுவலர் அன்று இல்லையெனில், போன கூலி போனதுதான். நோயாளிகளை மஞ்சலில் கட்டிச் சுமந்தனர். 2020 ஆகஸ்டு 6 இரவு நிலச்சரிவில் 70 உயிர்களைப் பறிகொடுத்ததும் அதே பெட்டிமுடிதான்.

சட்டத்தையும் சற்று நோக்குவோம். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் கேரளத்தில் இல்லை. எனவே அத்தகைய பகுதிகளின் கிராமசபைகளுக்குத் தனி அதிகாரம் வழங்கிய 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்குச் செல்லாது. சமவெளிக்கும் இம்மலைக்கும் 1994ஆம் ஆண்டுக் கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டம் ஒன்றே. சாலையோ பள்ளியோ அமைக்க வனச்சட்டம் குறுக்கிடும் என்று கோப்பை மூடிவிடுவோர் நம்மில் பலர். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவை அவர்கள் படிக்க வேண்டும். பள்ளி, மருந்தகம், குடிநீர், மின்கம்பி, சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை அளிக்க அது வழிசெய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராமசபையின் பரிந்துரையும் வேண்டும்.

அப்பரிந்துரை குடியில் கூடும் ஊர்க்கூட்டத்தில்தான் பிறக்க வேண்டும். வட்டத் தலைநகரில் எழுதி அனுப்பத் தக்கதன்று. பேச்சு முதுவர் வழக்கில் நடக்கும்; குறிப்பு மலையாளத்தில் எழுதப்படும். எழுதியதை அங்கேயே உரக்கப் படித்துக்காட்டிய பிறகே கையொப்பம் பெறுங்கள்.