கேள்வித்தாள் ஒன்றுதான்



போன வாரம் நம் வகுப்பில் ஒரு அக்கா அழுதார். "என் மகன் மனக்கணக்கில் கெட்டிக்காரன். 'படம்' எழுதச் சொன்னால் 'பமட்' என்று எழுதுகிறான். சோம்பேறி என்று பள்ளியில் அடிக்கிறார்கள்" என்றார்.

நம் பெஹாலாவில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. 1897-ல் லால் பிஹாரி ஷா தொடங்கிய பள்ளி. அங்கே பிள்ளைகள் புள்ளி எழுத்தை விரலால் தடவிப் படிக்கிறார்கள். "கண்ணால் படி" என்று அவர்களை யாராவது அடிப்பார்களா?

இந்தப் பையனுக்குக் கண் நன்றாகத் தெரியும். எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில்தான் சிக்கல். இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். இது அறிவுக் குறைவு அல்ல. வெளியே தெரியாது. அதனால்தான் அடி விழுகிறது.

மணலில் விரலால் எழுதச் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். நாளைக்கு இரண்டு எழுத்து போதும்.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் இதையும் ஊனமாக ஏற்கிறது. சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம். சொல்லச் சொல்ல எழுத ஆளும் கேட்கலாம்.

"மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். கேள்வித்தாள் ஒன்றுதான் அண்ணே! பதிலையும் அவன்தான் சொல்ல வேண்டும்.

நாளை அந்த அக்கா பள்ளிக்குப் போகிறார். மனுவை அவரே எழுதியிருக்கிறார்.