கிருமியை முந்திக்கொள்வோம்



2011 மே மாதம். ஜெர்மனியின் வடபகுதியில் இரத்தக் கழிச்சலோடு மக்கள் மருத்துவமனைகளில் குவிந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஈ.கோலை பாக்டீரியாவின் கொடிய வகை ஒன்றுதான் காரணம் என்று தெரிந்தது. எந்த உணவில் வந்தது என்பது தெரியவில்லை. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி விழுந்தது. வாங்க ஆளில்லாமல் அந்த நாட்டு விவசாயிகள் விளைச்சலைக் கொட்டி அழித்தார்கள். பிறகு சோதித்தால், வெள்ளரிக்காயில் இருந்தது வேறு வகைக் கிருமி! ஜூன் 10ஆம் நாள்தான் முளைகட்டிய விதைகளே காரணம் என்று அறிவித்தார்கள். விசாரணை கடைசியில் வெந்தய விதையில் போய் நின்றது. நோயுற்றவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். மாண்டவர்கள் 50 பேருக்கு மேல்.

நண்பர்களே, கிருமியைக் கண்டறிய நாம் இன்றும் பெரிதும் நம்பியிருப்பது கல்ச்சர் சோதனையை. தட்டில் கிருமியை வளரவிட்டுப் பார்க்க ஒரு நாள் ஆகும், இரண்டு நாள் ஆகும். நாம் காத்திருக்கலாம், கிருமி காத்திருக்குமா? ஏற்ற சூழல் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகுகிறது. அந்தக் காத்திருப்பைக் குறைக்கும் ஒரு வழியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்த வழி ஒரு தவளையிடமிருந்து தொடங்குகிறது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற ஆய்வாளர், முட்டைகளுக்காக ஆப்பிரிக்க நகத் தவளைகளுக்கு அறுவை செய்துவந்தார். தைத்த தவளைகள் கிருமி மண்டிய தொட்டித் தண்ணீருக்குள்தான் திரும்பிப் போயின. ஆனாலும் புண்ணில் சீழ் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டார் அவர். தவளைத் தோலில் இருந்த சிறு புரதத்துண்டு ஒன்றைப் பிரித்தெடுத்து, 1987இல் மகைனின் என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தார். 23 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைட் அது. அதில் நேர் மின்னூட்டம் உண்டு. பாக்டீரியாவின் மேலுறையில் எதிர் மின்னூட்டம் உண்டு. இரண்டும் ஈர்த்து ஒட்டிக்கொள்ளும். நம் உடல் செல்லின் வெளிப்புறத்தில் அந்த மின்னூட்டம் மிகக் குறைவு. அதனால் நம் செல்லை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

மகைனின் கிருமியைக் கொல்லும் முன் அதைப் பிடித்துக்கொள்கிறதே, அந்தப் பிடியையே சோதனையாக்கினால் என்ன? 2010இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்கால்பைன் குழுவினர் அதைச் செய்து காட்டினார்கள். நுண்ணிய தங்க மின்முனைகளில் மகைனினைப் பதித்தார்கள். ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் வந்து ஒட்டியதும், மின்னோட்டத்துக்கு ஏற்படும் தடை மாறியது. ஒரு மில்லி லிட்டரில் ஆயிரம் பாக்டீரியா இருந்தாலே போதும், கருவி காட்டிக்கொடுத்தது. 2012இல் அதே குழு, கார்பனின் மிக மெல்லிய தாளான கிராஃபீனில் பெப்டைடைப் பதித்து மாட்டுப் பல்லில் ஒட்டி, கம்பி இல்லாமலே கிருமியின் வருகையை அறிந்தது.

இதற்கு ஆயிரம் தவளைகளைக் கொல்ல வேண்டுமா? வேண்டாம். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பெப்டைட் செய்யும் முறையை 1963இலேயே புரூஸ் மெரிஃபீல்டு வகுத்துவிட்டார். 1984இல் அதற்கு நோபல் பரிசும் பெற்றார். எத்தனை முறை செய்தாலும் ஒரே அமைப்பு. சோதனைகளில் வழக்கமாகப் பயன்படும் ஆன்டிபாடி, சூட்டில் எளிதில் கெட்டுவிடும். சிறிய பெப்டைட் அதைவிட நன்றாகத் தாங்கும். கரண்ட் நிற்காத குளிர்பெட்டி எல்லா ஊரிலும் உண்டா? இல்லாத ஊர்களுக்கு இது பெரிய வரம்.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மின்னூட்டத்தைப் பார்த்து ஒட்டும் பெப்டைட் பல வகைக் கிருமிகளையும் பிடிக்கும். ஜெர்மனியில் வேண்டியிருந்ததுபோல், இது இந்த வகைதான் என்று துல்லியமாகப் பெயர் சொல்ல அதனால் மட்டும் முடியாது. அழுக்கும் உப்பும் கலந்த உண்மையான நீரிலும் உணவிலும் அளவு பிசகலாம். ஆகவே இது ஊர் எல்லையில் நிற்கும் காவல்காரர். சந்தேகப்பட்டதை உடனே நிறுத்திவைப்பது இதன் வேலை. தீர விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல கல்ச்சரும் மரபணுச் சோதனையும் பின்னால் வரவேண்டும். காவலரே இல்லாத எல்லையில் நீதிபதி மட்டும் இருந்து என்ன பயன்?

மாணவச் செல்வங்களே, உயிரியலும் வேதியியலும் மின்னணுவியலும் சந்திக்கும் இந்தத் துறைக்கு வாருங்கள். ஆட்சியில் இருப்பவர்களே, உடனடிப் பலன் தெரியாத ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்குங்கள். ஆறிய புண்ணைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டதால்தான் இத்தனையும் நடந்தது. பொதுமக்களே, உங்கள் ஊர்க் குடிநீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், முடிவு என்ன என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நோய் வந்த பின் மருந்து தேடுவதைவிட, கிருமி வரும்போதே கண்டுகொள்வதுதான் மக்களைக் காக்கும். அதற்கு இன்றே முனைவோம்.