தொண்டை மட்டும் போதுமா?

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் அமர்ந்து நான் எங்கே தடுக்கி விழுவேன் என்று காத்திருக்கும் நண்பர்களே! வீட்டுக் கூடத்தில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

'விளையாட்டு நேர்முக வர்ணனையாளரை உயர்த்துவது குரல்வளமா? உழைப்பா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "குரல்தாங்க எல்லாம்"னு ரொம்ப இனிமையாச் சொல்லிட்டுப் போனாங்க. அருமையான குரல்! என்ன சொன்னாங்கன்னு யோசிச்சுப் பார்க்கிறேன், குரல் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருது! (சிரிப்பு)

ஐயா, இது எனக்கு வெறும் மேடைத் தலைப்பு இல்லை. போன மாதம் ஒரு தாய் என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தாங்க. "ஐயா, பையன் இரண்டாம் வருஷம் படிக்கிறான். கிரிக்கெட் வர்ணனையாளர் ஆகப்போறேன், படிப்பு வேண்டாம்கிறான். குரல் நல்லாருக்குன்னு ஊரே சொல்லுது. விட்டுடலாமா?" கேட்கும்போதே கண் கலங்கிடுச்சு. இங்கே நாம தப்பாப் பேசினா கைதட்டல் நமக்கு, கஷ்டம் அந்த வீட்டுக்கு!

உலகத்தின் முதல் நேர்முக வர்ணனையாளர் யார்? மகாபாரதத்துச் சஞ்சயன்! களம் குருக்ஷேத்திரம். நேயர் ஒரே ஒருத்தர், கண் தெரியாத திருதராட்டிரன். வியாசர் சஞ்சயனுக்குக் கொடுத்த வரம் என்ன? இனிய குரலா? இல்லை ஐயா, பார்வை! முதலில் நீ பார். பிறகு பார்க்க முடியாதவனுக்குச் சொல். இதுதானே அந்த வேலை? நமக்கு வியாசர் வரம் தரமாட்டார். அந்தப் பார்வையை உழைச்சுத்தான் வாங்கணும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். எம்.ஏ. படிக்கும்போது எங்க ஊர்க் கபடிப் போட்டியில் மைக்கைக் கொடுத்தாங்க. விடுவேனா? "சிங்கமெனச் சீறுகிறார், வேங்கையெனப் பாய்கிறார்"னு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தேன். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் எங்க பெரியப்பா உட்கார்ந்திருந்தார். புரை விழுந்து பார்வை போனவர். முடிஞ்சதும் பக்கத்துல போய், "எப்படிப் பெரியப்பா?"ன்னேன். "நல்லாத்தாம்ல பேசுத. ஆனா, யாருல ஜெயிச்சா?"ன்னார்! (சிரிப்பு) குரல் இருந்தது, தமிழ் இருந்தது. அந்த மனுஷனுக்கு வேண்டியது மட்டும் இல்லை. அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அமெரிக்காவில் ரெட் பார்பர் என்று ஒரு வர்ணனையாளர். முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் 3 நிமிட மணல் கடிகாரத்தை மைக் பக்கத்திலேயே வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லணும், கடிகாரத்தைத் திருப்பணும். எங்க பெரியப்பா கேட்ட கேள்வியை அவர் மேசை மேலேயே வைத்திருந்தார் ஐயா!

அவருடைய சீடர் வின் ஸ்கல்லி. 1927-இல் நியூயார்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், நாலு கால் வைத்த பெரிய ரேடியோவுக்கு அடியில் தலையணையோடு படுத்துக்கொள்வார். அதில் வரும் கூட்டத்தின் ஆரவாரம் மேலே அருவி மாதிரி விழுமாம். அந்த ஆசைதான் விதை. ஆனால் விதை தானா மரமாகிடுமா? கல்லூரியில் படித்துக்கொண்டே மாணவர் வானொலியில் பேசினார். பட்டம் வாங்கியதும் நிலையம் நிலையமாக விண்ணப்பம் போட்டார். வாஷிங்டனில் ஒரு நிலையத்தில் கோடைக்கால மாற்று ஆளாக வேலை கிடைத்தது.

பிறகுதான் பார்பர் ஒரு வாய்ப்பு தருகிறார். 1949 நவம்பர், பாஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க் மைதானம், கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து. கண்ணாடி அறையில் உட்கார்ந்து பேசலாம்னு நம்பி, கோட்டையும் கையுறையையும் ஓட்டலிலேயே விட்டுட்டுப் போனார் அந்த இளைஞர். போனால் அறையே இல்லை. கூரை மேல் இடம்! நடுங்கும் குளிரில் கூரையில் நடந்து நடந்து ஆட்டம் முழுவதையும் சொல்லி முடித்தார். "எனக்குக் குளிருது"ன்னு நேயர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. கூரையில் நின்ற கதை பிறகு வேறு ஆள் மூலமாகத்தான் பார்பருக்கே தெரிந்தது. அடுத்த வாய்ப்பும் வந்தது! (கைதட்டல்) அன்றைக்கு நேயருக்குக் கேட்டது அவர் குரல். அவரை உயர்த்தியதோ நேயருக்குக் கேட்காமல் போன அந்தக் குளிர்!

1950-இல் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் வர்ணனையாளர் ஆனார். பேஸ்பால், நம்ம கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். 1958-இல் அந்த அணி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குப் போனது. அங்கே ரசிகர்கள் மைதானத்துக்கே டிரான்சிஸ்டரோடு வந்தாங்க. ஆட்டம் கண் முன்னாடி நடக்குது, இருந்தாலும் இவர் சொன்னால்தான் திருப்தி!

1974 ஏப்ரல் 8, அட்லாண்டா. கறுப்பினத்து வீரர் ஹாங்க் ஆரோன், பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை முறியடிக்கிறார். அதற்கு முன்னால் அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் எத்தனையோ! பந்து வேலியைத் தாண்டியதும் ஸ்கல்லி என்ன செய்தார்? சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மைக்கை விட்டு விலகினார். கூட்டத்தின் முழக்கம் பேசட்டும்னு விட்டார். திரும்பி வந்து, தென்மாநிலத்து மண்ணில் ஒரு கறுப்பின மனிதருக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டும் அந்த நேரத்தின் அருமையைச் சொன்னார். குரல் இருந்தால் பேசிவிடலாம். எப்போது பேசாமல் இருக்கணும்னு தெரிய உழைப்பு வேணும். வள்ளுவர் 'சொல்வன்மை'க்கும் ஓர் அதிகாரம் வைத்தார், 'பயனில சொல்லாமை'க்கும் ஓர் அதிகாரம் வைத்தார் ஐயா! (கைதட்டல்) 2016 வரை 67 சீசன்கள் ஒரே அணிக்காகப் பேசினார் அந்த மனிதர். குரலுக்கு வயசாகும், தயாரிப்புக்கு வயசாகாது.

"அது அமெரிக்கா"ன்னு எதிரணி சொல்லலாம். நம்ம ஹைதராபாத்து ஹர்ஷா போக்ளேயைப் பாருங்க. 19 வயதிலேயே அகில இந்திய வானொலியில் வர்ணனை. ஆனால் படிப்பை விட்டாரா? கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தார், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்தார், விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார். டெஸ்ட் ஆடாத அந்த மனிதரை 1991-92-இல் ஆஸ்திரேலிய வானொலி அழைத்தது. நம்ம சேப்பாக்கத்திலிருந்து தமிழில் கிரிக்கெட் சொன்ன அப்துல் ஜப்பார் வானொலி நாடகத்தில் பழுத்த கலைஞர். அந்தப் பயிற்சிதான் ஆடுகளத்தைக் காதுக்குள் கொண்டு வந்தது.

அந்தத் தாய்க்கு என்ன சொன்னேன்? "அம்மா, பையனைத் தடுக்காதீங்க, படிப்பையும் விடவிடாதீங்க. நாற்காலிகள் குறைவு, அதிலும் பலவற்றில் முன்னாள் வீரர்கள் உட்கார்ந்திருக்காங்க. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் மைதானத்துக்குப் போகட்டும். இரண்டு அணியிலும் ஒவ்வொருத்தர் பெயரையும் கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும். செல்போனில் ஓர் ஆட்டம் முழுக்க வர்ணனை பண்ணிப் பதியட்டும். அதை நீங்க கண்ணை மூடிக் கேளுங்க. யார் ஆடுறா, யார் ஜெயிக்கிறான்னு உங்களுக்குப் புரியுதா? இப்படிப் பத்து ஆட்டம், கைதட்ட ஆள் இல்லாமல் பண்ணட்டும். பதினோராவது ஆட்டத்துக்கும் தானாக் கிளம்பினால், அவன் அந்த வேலைக்குப் பிறந்தவன்."

போன வாரம் அந்த அம்மா போன் பண்ணினாங்க. மூன்று ஆட்டம் முடிஞ்சிருக்காம். "ஐயா, முதல் ஆட்டம் ஒண்ணுமே புரியலை. மூணாவதுல ஸ்கோர் புரிஞ்சுது"ன்னாங்க.

நடுவர் ஐயா, அந்தப் பையனுக்கு முதல் ஆட்டத்திலும் மூன்றாவது ஆட்டத்திலும் ஒரே குரல்தான்! நடுவில் சேர்ந்தது எது? அதற்கே தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)