கருப்பன் என்னும் ஜெர்மானியப் பெயர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சக்குபள்ளத்து ஏலத்தோட்ட லயம் ஒன்றில் பிறந்து, மலையிறங்கி, இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் எம்மை, பத்தாம் வகுப்போடு நின்றவரென்றும் பாராது பேச அழைத்தமைக்கு நன்றி. யாம் எடுத்துக்கொண்ட பொருள் 'சுவார்ட்ஸ்' என்னும் ஜெர்மானியக் குடும்பப் பெயர். ஏலக்காட்டில் அதற்கென்ன வேலை என்று நகைத்தல் வேண்டா; காரணம் உண்டு.

தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயர் என்றொரு பாதிரியார் வாழ்ந்தார். 1726இல் பிரஷிய நாட்டில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, திருச்சியிலும் தஞ்சையிலும் தொண்டாற்றி, 1798இல் தஞ்சையிலேயே மறைந்தார். இளமையில் அவரிடம் கற்ற மன்னர் இரண்டாம் சரபோஜி, இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு அவருக்குச் சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்வித்துத் தேவாலயத்தில் நிறுவினார். அப்துல் கலாம் அவர்கள் பயின்ற இராமநாதபுரம் உயர்நிலைப்பள்ளியும் சுவார்ட்ஸ் பெயரையே தாங்கியுள்ளது.

அப்பெயரின் பொருள் யாது? 'கருப்பு' என்பதே!

இடைக்காலத்தில் ஜெர்மானிய நகரங்களில் மக்கள் பெருகியபோது, ஒரே தெருவில் யோகான் என்பார் பலர் இருந்தனர். அவர்களைப் பிரித்தறிய, மாவாலைக்காரரை முல்லர் என்றும், கொல்லரை ஷ்மிட் என்றும், நெசவாளரை வேபர் என்றும் தொழிலால் அழைத்தனர். கருமுடியோ கருநிறமோ உடையவரைச் சுவார்ட்ஸ் என்றனர். அயலார் இட்ட பெயர் பிள்ளைகளுக்கும் நிலைத்தது. பேரன் பொன்முடியோடு பிறந்தாலும் பெயர் கருப்பே!

1787இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஜோசப், தம் ஆட்சியிலிருந்த யூதர்கள் ஜெர்மானியக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள ஆணையிட்டார். அவர்களிலும் பலர் சுவார்ட்ஸ் ஆயினர். கப்பலேறியோருடன் அமெரிக்கா சென்ற பெயர், அங்கே சிலரிடம் 'பிளாக்' என மொழிபெயர்ந்தது. ஹங்கேரியில் 'பெக்கெட்டே' ஆயிற்று. அதற்கும் பொருள் கருப்பே. இன்றும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இப்பெயர் மிகுதியாய் வழங்குகின்றது.

இனி, இதனை எடுத்த காரணம். எம் தந்தையார் பெயர் கருப்பையா. பள்ளியில் அப்பெயரைச் சொல்லிச் சிறுவர் சிரிப்பர். ஒருநாள் புதிய நண்பன் ஒருவன் எம் முதலெழுத்தின் விரிவைக் கேட்டான். "கந்தசாமி" என்றோம். பின்னால் தலையில் சுமையோடு தந்தையார் நின்றிருந்தார். கேட்டார், ஒன்றும் சொன்னாரில்லை. அன்றிரவும் எமக்குச் சோறு போட்ட பின்னரே தாம் உண்டார்.

பல்லாண்டு கழித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் அச்சலவைக்கல்லின் முன் நின்றபோது, அங்கிருந்த முதியவர் ஒருவர் சுவார்ட்ஸ் என்பதன் பொருளை உரைத்தார். மன்னர் ஒருவர் கல்லில் பொறித்துப் போற்றிய பெயரைத்தான் யாம் மறைத்தோமா என்று உள்ளம் குறுகினோம். மன்னிப்புக் கேட்கத் தந்தையார் அப்போது இல்லை.

தமிழராகிய நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நம் அடையாளம். இங்கு அண்டை வீட்டு மலையாளிகள் வீட்டுப் பெயரைப் பெருமையோடு எழுதுகின்றனர். நம் பிள்ளைகளோ, விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கண்டதும் கருப்பனையும் மாடனையும் மறைத்து நாகரிகப் பெயர் தேடுகின்றனர். அலுவலகத்தில் நாள்தோறும் இதனைக் காண்கின்றோம்.

இளைஞர்களே! மலையேறி வந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் ஏலம் பறித்து நம்மை வளர்த்தோரின் பெயர்கள் அவை. அக்கட்டத்தில் அவற்றை முழுமையாய் எழுதுங்கள். தந்தையார் அருகிலிருக்கும்போதே எழுதுங்கள்.

— க. என்பதைக் கருப்பையா என்று விரித்தெழுதும் ஓர் இரயில்வே எழுத்தர்